பார்மலின் பொட்டியும் எங்கப்பாவும்

போன மாசம் எனக்கு நீர் அடைச்சுக்கிச்சு. வயசானா வர்றதுதான், வெக்கப்பட ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுக்காரங்க டவுன் ஆஸ்பத்திரியில கொண்டாந்து படுக்க வச்சிட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு போய்ட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கு நான் யாரு?

வாட்டுல இருந்த மிஸ்ஸி, நர்ஸத்தான் நாங்க அப்பிடிச் சொல்றது, நம்ம தோட்டத்துப் பொண்ணு. ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டை எடுத்து ஓரத்தப் பிடிச்சு சர்ருன்னு கிழிச்சா. உள்ள குழாய். உயிர் போற வலியிலயும் என் வாய் சும்மா இருக்கல.

“இத யாரும்மா கழுவுனது?”

அந்தப் பொண்ணுக்கு சிரிப்பு தாங்கல. “யாரும் கழுவல தாத்தா. பெக்டரியிலேயே காஸ் அடிச்சு வருது. போட்டுட்டு வீசிருவோம்.”

அப்புறம் வலி இறங்கி நான் மனுஷனானதும் திரும்ப வந்தா. “அந்த நேரத்துல போய் யாராவது அப்பிடிக் கேப்பாங்களா?”ன்னு கேட்டா. நானும் ஒரு ஆஸ்பத்திரியில காலம் பூரா குழாய் கழுவுனவன்தான்னு சொன்னேன். “அப்ப எழுதிக் குடுங்க தாத்தா, எங்க ஆஸ்பத்திரி மலர்ல போடுவோம்”னு ஒரே பிடியா நின்னா. சரி, வீட்டுல வேற என்ன வேல இருக்கு, எழுதுறேன்.

எங்கப்பா பேரு மாணிக்கம். அட்டனுக்கு மேல ஒரு தோட்டத்துல கவ்வாத்துக்காரரு. தேயிலச் செடி ஓங்கிப்போனா தாழ வெட்டிவிடுறதுதான் கவ்வாத்து. வெட்டு சுத்தமா விழுந்தா செடி துளுக்கும். கிழிஞ்சிச்சுன்னா அந்த வாய் வழியா அழுகல் இறங்கி செடியே போயிரும். அதனால கத்தி விஷயத்துல அப்பா போடுற அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமில்ல. தன் கத்திய தானே தீட்டுவாரு, இன்னொருத்தன் கையில குடுக்கமாட்டாரு. அது பிடி ஒடிஞ்ச அன்னைக்கு கங்காணி வேற கத்திய நீட்டுனா, மொதல்ல “இது எவன் தீட்டுனது?”ன்னு கேப்பாரு. பேரச் சொல்லணும். அந்தப் பேரு பிடிக்கலைன்னா காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுலயிருந்து நேரா லயத்து வீட்டுக்குத் திரும்பிருவாரு. கங்காணி கத்துவான், அவனுக்கு மேல இருக்கிற கண்டாக்கையா மெரட்டுவாரு, மனுஷன் காதுல வாங்கமாட்டாரு.

அம்மா நான் சின்னவனா இருக்கப்பவே போய்ச் சேர்ந்துட்டாங்க. லயத்துல ஒரே அறை, அந்தக் காம்பராவுல நானும் அப்பாவும்தான். பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்காதான் எங்களுக்கும் சேத்து ஒல வைப்பாங்க. வெள்ளக்காரன் கொடிய இறக்குன கொஞ்ச காலத்துல, சுத்துப்பட்டுத் தோட்டங்களுக்குன்னு இருந்த ஒரு ஆஸ்பத்திரியில எனக்கு அட்டெண்டன் வேல கிடைச்சிச்சு. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு. “என் மகன் மழையில நனையாத வேலைக்குப் போறான்”னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு.

மொதல் ரெண்டு மூணு வருஷம் எல்லாரும் செய்யிறதுதான். கூட்டுனேன், பீங்கான் அலசுனேன், பொணம் தூக்குனேன். அப்புறம் ஒரு நா பெரிய மிஸ்ஸி என்னக் கூப்பிட்டு வராந்தா கடைசியில இருந்த ஒரு சின்ன அறையக் காட்டுனாங்க. அதோட என் ஆயுசு அந்த அறையிலேயே கழிஞ்சிருச்சு.

பெரிய மிஸ்ஸி யாழ்ப்பாணத்து ஆளு. ஒல்லியா, உசரமா, வெள்ளச் சப்பாத்து போட்டு நடந்தா சத்தமே வராது. கல்யாணம் கட்டல. ஒரு நாளும் கொரல் ஒசத்தி ஏசுனது கிடையாது. நம்ம கழுவுன சாமான வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பாங்க, திரும்ப நம்ம கையிலேயே வச்சிட்டுப் போயிருவாங்க. அவ்வளவுதான். வாயத் தொறந்து நாலு வார்த்தை ஏசிட்டாக்கூட தேவலைன்னு இருக்கும்.

“பழனி, கத்தரிக்கோல், தட்டு, இதெல்லாம் அவிக்கலாம். எண்டாலும் இஞ்சத்தத் தண்ணி பொய்க்குக் கொதிக்கிறது. மலையில உயரம் கூட. குமிழி வந்திட்டெண்டு நம்பி இறக்கிப்போடாதையும், இன்னும் விட்டு அவியும்”னாங்க மொத நாளு. கொதிக்கிற தண்ணியும் பொய் சொல்லும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சூடு தாங்காத சாமானுக்குத்தான் அந்த அறை. அதுல முக்கியமானது மூத்திரக் குழாய். இப்ப மாதிரி பிளாஸ்டிக் இல்ல. நூலால பின்னி, மேல அரக்கு மாதிரி ஒண்ணப் பூசி வழுவழுன்னு வச்சிருப்பாங்க. நுனி லேசா வளைஞ்சிருக்கும். வயசான ஆம்பளைக்கு அடைச்சுக்கிட்டா, செவப்பு ரப்பர் குழாய் மடங்கிப்போகும், வெள்ளிக் குழாய டாக்டர் ஐயா தவிர யாரும் தொடக்கூடாது, குத்திக்கிழிச்சிரும். இந்த வளைஞ்ச குழாய்தான் உள்ள போகும். இத அவிச்சா அவ்வளவுதான், அரக்கு இளகி வெடிச்சிரும். மிஸ்ஸி பழைய குழாய் ஒண்ண எனக்காகவே கொதிதண்ணியில போட்டுக் காட்டுனாங்க. வெளிய எடுத்தா வெல்லப்பாகு மாதிரி கையில ஒட்டுது.

அதனால பார்மலின் பொட்டி, மருந்துப் புகையாலேயே கிருமியக் கொல்றது. நாலு பக்கமும் கண்ணாடி, உள்ள வரிசையா கொக்கி, அடியில மருந்து வைக்கிற தட்டு, கதவுக்குப் பூட்டு. குழாய் வந்த உடனே பச்சத்தண்ணியில அலசணும். சுடுதண்ணி பட்டா ரத்தமும் சீழும் உள்ளேயே வெந்து பிடிச்சுக்கும். அப்புறம் ஊசிக்குழல்ல சவக்காரத்தண்ணி ஏத்தி உள்ள ஓடவிடணும், நல்ல தண்ணி விடணும், நிமித்திப் பிடிச்சுச் சொட்டு வடியவிடணும். ஈரம் இருந்தா மருந்து ஏறாது. காஞ்சதும் கொக்கியில தொங்கவிடணும், ஒண்ண ஒண்ணு தொடப்படாது. தொட்ட எடத்துல புகை படாதே! பூட்டுனா ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போகணும். எடுத்தப்புறமும் அவிச்சு ஆறுன தண்ணியில திரும்பத் திரும்ப அலசணும், இல்லாட்டி மருந்து பச்சப் புண்ணுல நெருப்பு மாதிரி பிடிச்சுக்கும்.

இதுல எங்க ஊரு குளிரு வேற ஒரு சனியன். குளிருக்கு அந்த மருந்து புகையா எந்திரிக்காது. மாவு மாதிரி வெள்ளையா கண்ணாடியில படிஞ்சு சும்மா கிடக்கும். மிஸ்ஸி காலையில வந்து பொட்டியப் புறங்கையால தொட்டுப் பாப்பாங்க, காய்ச்சக்காரப் புள்ளைய நெத்தியில தொட்டுப் பாக்குற மாதிரி. சில்லுன்னு இருந்தா “சுடுதண்ணிப் போத்தல் வையும்”பாங்க. ரப்பர் போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி பொட்டியச் சுத்தி வைப்பேன். ஆறுனா மாத்துவேன். என் வேலையே அதுதான்.

அந்த வாசம் இருக்கே, அத என்னத்தச் சொல்ல! கண்ணு எரியும், மூக்கு எரியும், சட்டையில ஏறுனா தோச்சாலும் போகாது. எங்க தோட்டத்துச் சனங்களுக்கு அந்த வாசம் பொண அறையில மட்டும்தான் பழக்கம். நான் தண்ணி விழுற பீலியில குளிக்கப் போனா ஒதுங்கி நிப்பாங்க. கோயில்ல பொங்கல் வாங்க வரிசையில நின்னா எனக்கு முன்னாலயும் பின்னாலயும் எடம் காலியா இருக்கும். வலப்பனைப் பக்கத்துலயிருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்க ஒருதரம். தேத்தண்ணி குடிச்சிட்டு, “மாப்பிள்ள பொணம் அறுக்கிற எடத்துலயா வேல?”ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போய்ட்டாங்க. அப்பாதான், “போறாங்க விடுடா, மூக்கில்லாத பொண்ணா பாப்போம்”னு சிரிச்சாரு. எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அவருதான். அதையும் அந்தப் பொட்டி கொண்டுபோயிருச்சு.

அது அடமழைக் காலம். டாக்டர் ஐயா நல்லதண்ணிங்கிற ஊருப் பக்கத்துத் தோட்டங்களப் பாக்கப் போனவரு, ரோட்டுல மண் சரிஞ்சு அங்கேயே மாட்டிக்கிட்டாரு. காலையில எங்க லயத்து ஆளுங்க ஒருத்தர கம்பளியில தூளி கட்டி மழையில தூக்கிட்டு வந்தாங்க. கம்பளிய விலக்குனா அப்பா! முந்தின நாள்லயிருந்து ஒரு சொட்டு போகல. அடிவயிறு பான மாதிரி விம்மி நிக்கிது.

மிஸ்ஸி ரப்பர் குழாய் போட்டுப் பாத்தாங்க, மடங்கிப்போச்சு. திரும்பி என்னப் பாத்தாங்க. எனக்குத் தெரியும் அவங்க என்ன கேக்குறாங்கன்னு. அந்த அளவுல வளைஞ்ச குழாய் அப்ப ஒண்ணே ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு, மத்தது வெடிச்சுப்போயி புதுசு கொழும்புலயிருந்து வரல. அந்த ஒண்ணும் பொட்டிக்குள்ள. அதப் போட்டிருந்த பெரியவருக்கு உள்ள சீழ் பிடிச்சு, பக்கத்து வாட்டுல பல்லு கிட்டி நடுங்கிக்கிட்டுக் கிடக்குறாரு. கழுவி, காய வச்சு, முந்தின நா பொழுது சாயிறப்பதான் நான் பூட்டுனேன். பொட்டி பனிக்கட்டியா குளுந்துபோயிருந்துச்சு. மருந்து எந்திரிக்கவே இல்ல.

“இப்ப எடுத்துப் போட்டமெண்டால், அந்த மனுசன்ர சீழ உம்மட அப்பாவுக்குள்ள நாங்களே ஏத்துறம்”னாங்க மிஸ்ஸி. “பொட்டியச் சூடாக்கும். விடாமச் சூடாக்கினால் பின்னேரம் எடுக்கலாம். அதுவரைக்கும் நான் அவரைப் பாக்கிறன்.”

அவங்க ஊசி போட்டாங்க, அடிவயித்துல சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தாங்க. நான் அடுப்புக்கும் பொட்டிக்குமா ஓடுனேன். வராந்தா பூரா அப்பாவோட சத்தம். தேயிலத் தூர் கால்ல ஏறி வெளிய வந்தப்பகூட ‘ஸ்’ன்னு ஒரு சத்தத்தோட நிறுத்துன மனுஷன் அவரு. அன்னைக்குக் கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு கத்துறாரு.

“டேய் பழனி! சாவி உங்கிட்டதானடா இருக்கு! தொறடா! ஒன் அப்பன்டா நானு!”

பக்கத்துல போய் நின்னேன். “அப்பா, அது இன்னும் சுத்தமாகலப்பா. பொழுது சாயட்டும்பா”ன்னேன்.

“சுத்தமாவது மயிராவது! நான் சாகப்போறேன்டா!”

என் சட்டையப் பிடிச்சாரு. பையில கைய விட்டு சாவியத் தேடுனாரு. நான் அவரு கையப் பிடிச்சு எடுத்துவிட்டேன். பெத்த அப்பன் கைய. அந்தக் கையில பலமே இல்ல.

வெளிய வந்தப்ப மிஸ்ஸி நின்னுக்கிட்டிருந்தாங்க. சாவிக்குக் கைய நீட்டி, “திறப்பை என்னட்டத் தாரும். திறப்பு மிஸ்ஸியிட்ட எண்டு சொல்லிப்போடும். அவர் என்னை ஏசட்டும்”னாங்க.

குடுத்திருக்கலாம். குடுத்திருந்தா அப்பா அந்த அம்மாவ ஏசிட்டு, அடுத்த மாசம் எல்லாத்தையும் மறந்திருப்பாரு. ஆனா அந்தப் பொட்டி என் பொறுப்பு. தன் கத்திய இன்னொருத்தன் கையில குடுக்காதவருக்குப் பொறந்தவன் நான். “இருக்கட்டும் மிஸ்ஸி”ன்னேன். அவங்க தலைய ஆட்டிட்டு உள்ள போய்ட்டாங்க.

மத்தியானம் குளிரு இன்னும் ஏறிப்போச்சு. போத்தல் வைக்க வைக்க ஆறுது. கட்டிலுங்கள்ல மிஞ்சியிருந்த கம்பளியெல்லாம் எடுத்துப் பொட்டியச் சுத்துனேன். அதுவும் பத்தல. என்ன பண்றதுன்னு தெரியாம, சுடுதண்ணிப் போத்தல ரெண்டு பக்கமும் அண்டக்குடுத்து, அந்தப் பொட்டியக் கையால கட்டிப்பிடிச்சு நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். மருந்து எந்திரிக்கிற வாசம் இடுக்கு வழியா மெதுவா வந்துச்சு. கண்ணு எரிய எரிய, ‘வா ராசா, வா’ன்னு அதுகிட்டக் கெஞ்சுனேன்.

அந்த நேரம் பாத்துத்தான் மாரியாயி அக்கா என்னத் தேடி வந்து கதவுக்கிட்ட நின்னாங்க. அங்க அப்பன் கத்துறான். இங்க மகன் கண்ணாடிப் பொட்டியக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருக்கான். அவங்க பாத்தது அதத்தான்.

“அடப்பாவி”ன்னாங்க. “பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க.”

போய்ட்டாங்க. நான் எந்திரிச்சுப் போய் வெவரம் சொல்லல. எந்திரிச்சா சூடு போயிரும்.

பின்னேரம் மிஸ்ஸி வந்து புறங்கையால பொட்டியத் தொட்டாங்க. கொஞ்ச நேரம் அப்பிடியே வச்சிருந்தாங்க. “திறவும்”னாங்க. எடுத்து, ஆறுன தண்ணியில திரும்பத் திரும்ப அலசிக் குடுத்தேன். அவங்க வாங்கிக்கிட்டு உள்ள போனாங்க. உள்ள அப்பாவோட கத்தல் நின்னு, பெரிய மூச்சு ஒண்ணு வந்துச்சு. நான் வாசல்ல எட்டிப் பாத்தேன். என்னப் பாத்ததும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

பக்கத்து வாட்டுப் பெரியவரு அந்த வாரமே சீழ் ஏறித் தவறிட்டாரு. அப்பாவுக்குக் காய்ச்சல்கூட வரல. நடந்தே லயத்துக்குப் போனாரு. ஆனா என்கிட்டப் பேசல.

ஊர் வாய மூட உலைமூடி ஏது? அப்பன் துடிக்கத் துடிக்க பொட்டியக் கட்டிப்பிடிச்சிருந்தவன்னு தோட்டம் பூரா பரவிருச்சு. ‘பொட்டிப் பழனி’ன்னு பேரே வச்சிட்டாங்க. ஒரு மாசம் அவரு கூட ஒரே காம்பராவுல இருந்து பாத்தேன். சோத்துத் தட்ட எடுத்துக்கிட்டு அவரு வாசலுக்குப் போயிருவாரு. அவரு நல்லா சாப்பிடட்டும்னு நான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு சாமான் அறையில குடியேறிட்டேன். மழைத் தண்ணி தகரத்துல விழுற சத்தம்தான் எனக்குத் துணை. பெரிய மிஸ்ஸியும் தன் குவாட்டஸ்ல தனியாத்தான் சாப்பிடுவாங்க, அவங்க சன்னல் வெளிச்சம் எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் தனியாளுங்க. ஆனா வேலையத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்ல. அப்பிடி ஒரு காலம்.

அப்பாவுக்கு அந்த வியாதி விடல. கண்டிக்குப் போய் ஆபரேசன் பண்ணச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டாரு. அடைக்கும்போதெல்லாம் எங்க ஆஸ்பத்திரிக்கே வருவாரு. வராந்தா வாங்குல உக்காருவாரு, நான் தாண்டிப் போனா தேயில மலையப் பாப்பாரு. உள்ள மிஸ்ஸி கதவச் சாத்திக்கிட்டுக் குழாய் போடுவாங்க. நான் கழுவிக் குடுக்குறதோட சரி. உள்ள என்ன பேசிக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஏழெட்டு வருஷம் இப்பிடியே ஓடிச்சு. அப்பா கிழவனாகி, கவ்வாத்துக் கத்திய வச்சிட்டாரு.

பெரிய மிஸ்ஸி பென்சன் வாங்கி யாழ்ப்பாணம் போனாங்க. போற அன்னைக்குப் பொட்டியப் புறங்கையால ஒருதரம் தொட்டுட்டு, “வாறன் பழனி”ன்னாங்க. அவங்க எடத்துக்கு ஒரு சிங்கள மிஸ்ஸி வந்தாங்க. நல்ல மாதிரி, சின்ன வயசு, தமிழ் மட்டும் தெரியாது.

அவங்க வந்து கொஞ்ச நாள்ல அப்பாவுக்கு மறுபடி அடைச்சிச்சு. நான் குழாய அலசித் தட்டுல வச்சுக் குடுத்தேன். கதவச் சாத்துனாங்க. கொஞ்ச நேரத்துல கதவு தொறந்து அந்த மிஸ்ஸி வெளிய வந்தாங்க, மொகத்துல ஒரே கொழப்பம்.

“மே சீயா மொனவாத கியன்னே?”ன்னாங்க. இந்தத் தாத்தா என்னமோ சொல்றாரு, என்னான்னு கேளுங்கிறாங்க. தொடவே விடமாட்டேங்கிறாராம்.

நான் உள்ள போனேன். அப்பா சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாரு. தொடைய ரெண்டு கையாலயும் மூடியிருந்தாரு. வந்தது யாருன்னு அவரு திரும்பிப் பாக்கல.

“அந்தக் குழாய எவன் கழுவுனதுன்னு கேக்குறேன்”னாரு சுவத்தப் பாத்து. “பழைய மிஸ்ஸின்னா ஒவ்வொரு தரமும் பேரு சொல்லும். இதுக்கு நான் கேக்குறதே வெளங்கல.”

ஒவ்வொரு தரமும்! அவ்வளவு வருஷம், வரும்போதெல்லாம், கதவுக்கு அந்தப் பக்கம் இதத்தான் கேட்டிருக்காரு.

மொதல்ல மிஸ்ஸிக்குச் சிங்களத்துல சொன்னேன். கழுவுனது யாருன்னு கேக்குறாரு, “மம தமய் ஹேதுவே”, நாந்தான் கழுவுனேன்னு. அப்புறம் அவரு பக்கம் திரும்பி, “நாந்தான்பா”ன்னேன்.

மூடியிருந்த கைய எடுத்தாரு.

“அப்பப் போடச் சொல்லு.”

அவ்வளவுதான். திரும்பிப் பாக்கல, பேரச் சொல்லிக் கூப்பிடல. நான் வெளிய வந்து என் அறையில கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். அந்த வருஷத்து மழ முடியிறதுக்குள்ள அப்பா தூக்கத்துலயே போய்ட்டாரு. கொள்ளி வச்சிட்டு வந்து அடுத்த நாளே பொட்டிக்கு சுடுதண்ணி வச்சேன், உள்ள வேற யாருக்கோ குழாய் தொங்குச்சு.

அந்தப் பொண்ணு கேட்டதுக்காக இவ்வளவும் எழுதிட்டேன். பாக்கெட்டுல வந்த குழாய் நல்ல குழாய்தான்மா, நானே போட்டு அனுபவிச்சேன், குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. வாட்டுல அன்னைக்கு ஆளுங்க போக வரத்தான் இருந்தாங்க, எனக்குன்னு யாரும் வரல. நான் சும்மாதான் யாரு கழுவுனதுன்னு கேட்டேன். எங்கப்பா கேட்ட ஒவ்வொரு தரமும் அவருக்குச் சொல்றதுக்கு ஒரு பேரு இருந்துச்சு.